சுமத்ரா: மலைக்கு மேற்கும் கிழக்கும்

சுமத்ராவுக்குக் கிளம்புகிறவர்கள் விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நல்ல நிலப்படம் ஒன்றை விரித்து, தீவின் நீளத்தைக் கண்ணால் அளந்து பார்க்க வேண்டும். வடமேற்கு முனையில் பண்டா ஆச்சே. தென்கிழக்கு முனையில் ஜாவாவுக்குப் படகு ஏறும் பாக்காவுஹேனி. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து போபால் இருக்கும் தூரம் அது. பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்கு. உலகின் ஆறாவது பெரிய தீவு. பூமத்திய ரேகை ஏறக்குறைய நடுவில் குறுக்கே ஓடுகிறது. ஆறு கோடிக்கு நெருங்கிய மக்கள் வாழ்கிறார்கள்.

இரண்டு வாரத்தில் முழுத் தீவையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் பேருந்து சன்னல் வழியாகத்தான் சுமத்ராவைப் பார்ப்பார்கள். ஒரு பயணத்துக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேடானும் தோபா ஏரியும், அல்லது பாடாங்கும் மினாங் மேட்டுநிலமும், அல்லது பலெம்பாங்கும் தெற்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்ய, முதலில் நிலத்தின் அமைப்பு விளங்க வேண்டும்.

மலைச்சுவர்

தீவின் மேற்கு ஓரத்தை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்கு வரை ஒரே தொடராக ஓடுகிறது புக்கிட் பாரிசான் மலை. இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு சுமத்ராவின் அடியில் நுழைந்துகொண்டே இருப்பதால் எழும்பிய மலை இது. எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. மிக உயர்ந்தது கெரிஞ்சி, 3,805 மீட்டர். இந்தோனேசியாவின் எரிமலைகளில் இதுவே உயரமானது. மலைத்தொடரின் நீளத்துக்கும் நிலப்பிளவு ஒன்று ஓடுகிறது. அந்தப் பிளவு உண்டாக்கிய பள்ளத்தாக்குகளில்தான் மேட்டுநில ஊர்களும் வயல்களும் இருக்கின்றன.

மலைக்கு மேற்கே நிலம் குறுகல். பல இடங்களில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. ஆறுகள் குட்டையானவை, வேகமானவை; அவற்றில் கப்பல் ஏறாது. துறைமுகம் வேண்டுமானால் கரையிலேயே நல்ல குடா அமைய வேண்டும். பாடாங், பெங்கூலு, பழைய பாருஸ் எல்லாம் அப்படி அமைந்த ஊர்கள்.

கிழக்கே நேர்மாறு. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சமவெளியில் வளைந்து போய், சதுப்பும் அலையாத்திக் காடுமாகக் கிழக்குக் கடற்கரையில் முடிகின்றன. கரையோரம் சேறு, நகரம் கட்ட உறுதியான மண் கிடையாது. அதனால் கிழக்கின் பெரிய ஊர்கள் கடலில் இல்லை. ஆற்றில் உள்ளே தள்ளி, முதல் மேட்டுநிலம் கிடைத்த இடத்தில் இருக்கின்றன. மூசி ஆற்றில் பலெம்பாங், பாத்தாங் ஹரியில் ஜாம்பி, சியாக் ஆற்றில் பெக்கான்பாரு. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் சுமத்ராவின் நிலப்படம் பாதி புரிந்த மாதிரி.

மழையும் இந்த மலையைப் பார்த்துத்தான் பெய்கிறது. கடற்காற்று மோதும் மேற்குக் கரையில் ஓயாத மழை. பாடாங்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது சென்னையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலைப்பாதைகளில் மண்சரிவு சகஜம். கிழக்குச் சமவெளியில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வேறு தொல்லை: காய்ந்த கரிச்சதுப்பு நிலம் தீப்பிடித்து, நிலத்துக்கடியில் வாரக்கணக்கில் புகையும். 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூடியது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் ரியாவ், ஜாம்பி மாகாணங்கள் பக்கம் போகவே வேண்டாம். மே முதல் ஜூலை வரை எல்லாப் பகுதிக்கும் ஏற்ற காலம்.

மேடான்

பெரும்பாலான தமிழ்ப் பயணிகளுக்குச் சுமத்ராவின் வாசல் மேடான்தான். பினாங்கிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது; கோலாலம்பூர், சிங்கப்பூரிலிருந்தும் அடிக்கடி விமானம் உண்டு. 2013இல் திறந்த குவாலாநாமு விமான நிலையத்திலிருந்து நகருக்குள் ரயில் போகிறது. சாலை நெரிசல் கடுமையாக இருப்பதால் ரயிலையே பிடியுங்கள்.

24 லட்சம் பேர் வாழும் இந்த நகரம் புகையிலையால் எழுந்தது. 1863இல் நியென்ஹைஸ் என்ற டச்சுக்காரர் டெலிப் பகுதியில் புகையிலை பயிரிட்டார். சுருட்டின் மேலுறைக்கு அந்த மெல்லிய இலை ஐரோப்பாவில் பெரும் விலைக்குப் போனது. காடு அழிந்து தோட்டமானது. சீனர்கள், ஜாவாக்காரர்கள், தமிழர்கள் ஆகியோரைக் கூலிகளாகக் கொண்டுவந்து நிரப்பினார்கள். பிறகு ரப்பர், 1911 முதல் எண்ணெய்ப்பனை. மேடானின் அகன்ற வீதிகள், மைமூன் அரண்மனை, 1906இல் கட்டத் தொடங்கிய பெரிய பள்ளிவாசல், சீன வணிகர் ஜோங் ஆ ஃபியின் மாளிகை எல்லாம் அந்தச் செல்வத்தின் மிச்சம். அவற்றைப் பார்க்கும்போது, தோட்டங்களில் உழைத்து மாண்டவர்களையும் நினைவில் வைக்க வேண்டும்.

தமிழர்கள் குடியேறிய பகுதிக்கு இப்போது கம்போங் மெட்ராஸ் என்று பெயர். அங்கே 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவில் இருக்கிறது. இங்குள்ள பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது; வீட்டிலும் இந்தோனேசிய மொழிதான். பெரியவர்களிடம் தமிழில் வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள், மகிழ்ந்து பேசுவார்கள். நகரின் தென்மேற்குப் புறத்தில் அன்னை வேளாங்கண்ணி ஆலயம், கோபுரமும் குவிமாடமுமாகத் தனித் தோற்றத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன யேசு சபைப் பாதிரியார் ஒருவரின் முயற்சியில் 2005இல் கட்டி முடிந்தது.

மேடானிலிருந்து மேற்கே புக்கிட் லாவாங். லெயுசர் காட்டின் ஓரம். ஒராங்குட்டான்களைக் காட்டிலேயே பார்க்கலாம். வழிகாட்டி பழம் நீட்டி அழைத்துக் காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். மனிதச் சளிக்காய்ச்சலே அந்த விலங்குகளைக் கொல்லப் போதும். லெயுசர், கெரிஞ்சி செப்லாட், தெற்குப் பாரிசான் ஆகிய மூன்று தேசியப் பூங்காக்களையும் 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சொத்தாக அறிவித்தது. 2011இலேயே அவற்றை ஆபத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. மேடானிலிருந்து எந்தத் திசையில் போனாலும் மணிக்கணக்கில் எண்ணெய்ப்பனை மட்டுமே தெரிவதன் பொருள் இதுதான்.

தோபா ஏரி

தீவில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் தோபாவுக்குப் போங்கள். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய் இது. கடந்த பல லட்சம் ஆண்டுகளில் பூமி கண்ட மாபெரும் வெடிப்புகளில் ஒன்று. அதன் சாம்பல் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் மண்ணடுக்காகக் கிடைக்கிறது. எரிமலை வாயில் நீர் நிறைந்து, 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் 500 மீட்டர் ஆழமும் கொண்ட ஏரியானது. நடுவே அடித்தளம் மீண்டும் உப்பி எழுந்ததுதான் சமோசிர். சமோசிர் முன்பு மேற்கே ஒரு சிறு நிலத்துண்டால் கரையோடு ஒட்டியிருந்தது. டச்சுக்காரர்கள் அங்கே கால்வாய் வெட்டியதால் முழுத் தீவானது.

ஏரி 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் குளிரும். ஒரு ஸ்வெட்டர் போதும். மேடானிலிருந்து பாராபாட் வரை காரில் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து படகில் தோமோக் அல்லது துக்துக். 2018 ஜூனில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு இந்த ஏரியில் மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படகில் நெரிசல் தெரிந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். உயிர்காப்பு உடுப்பைக் கேட்டு வாங்கி அணியுங்கள்.

இங்கே வாழ்பவர்கள் பாத்தாக் மக்கள், பெரும்பாலும் லூத்தரன் கிறிஸ்தவர்கள். கப்பல் முனைபோல் இருபுறமும் உயர்ந்த கூரை வீடுகளை அம்பாரிதா, தோமோக் கிராமங்களில் பார்க்கலாம். வடக்கே பெராஸ்தாகி மலையூரில் காரோ பாத்தாக்கினர் வாழ்கிறார்கள். அவர்களுடைய செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்ற பெயர்கள் இன்றும் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளத் தொடர்பின் எச்சம் என்று ஆய்வாளர்கள் இவற்றைக் காட்டுகிறார்கள். பெராஸ்தாகியை ஒட்டிய சினாபுங் எரிமலை ஏறத்தாழ 400 ஆண்டுகள் உறங்கி 2010இல் விழித்தது. அதில் ஏறுவதற்குத் தடை, மீற வேண்டாம்.

பாருஸ்

வழக்கமான வழிகாட்டிகளில் பாருஸுக்கு ஒரு வரிகூட இருக்காது. மேற்குக் கரையில், தோபாவுக்கு அப்பால் மலையிறங்கினால் வரும் சின்ன மீன்பிடி ஊர் அது. ஆனால் தமிழ்ப் பயணிக்கு இது பெரிய ஊர். பின்னாலிருக்கும் காடுகளில் விளைந்த கற்பூரத்துக்காக அரபு நாட்டிலிருந்தும் சீனத்திலிருந்தும் கப்பல்கள் இங்கே வந்தன. அருகிலுள்ள லோபு துவா என்ற இடத்தில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, கப்பல்காரர்கள் செலுத்த வேண்டிய வரியைப் பற்றிப் பொறித்து வைத்தது. கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருப்பதால் பாருஸில் அதைக் காண முடியாது. கரையும், குன்றின் மேலுள்ள பழைய இஸ்லாமியக் கல்லறைகளும் மட்டுமே உண்டு. வரலாற்றில் ஈடுபாடு இருந்தால் ஒரு நாள் ஒதுக்குங்கள். இல்லையென்றால் தோபாவிலேயே அந்த நாளைக் கழிக்கலாம்.

1025ஆம் ஆண்டு முதலாம் இராசேந்திரன் படையெடுத்த ஊர்களாகத் தஞ்சைக் கல்வெட்டு அடுக்கும் பெயர்களில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம் ஆகியவற்றை இத்தீவில்தான் அடையாளம் காண்கிறார்கள். முறையே பலெம்பாங், வடகிழக்குக் கரை, ஜாம்பி, ஆச்சே முனை. வேறுவேறு பகுதிகளில் பயணம் செய்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆச்சே

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை முதலில் அடித்தது இந்தக் கரையைத்தான். ஆச்சேயில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். பண்டா ஆச்சே பெருமளவு திரும்பக் கட்டிய நகரம். பைத்துர்ரஹ்மான் பள்ளிவாசல் அலையைத் தாங்கி நின்றது. சுற்றிலும் எல்லாம் போனது. 2,600 டன் எடையுள்ள மின்னுற்பத்திக் கப்பல் ஒன்றை அலை தூக்கிக்கொண்டுபோய்க் கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே வீடுகளுக்கு நடுவே போட்டது. அது இன்றும் அங்கேயே இருக்கிறது, மேலேறிப் பார்க்கலாம். நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அறிந்தவர்களுக்கு இங்குள்ள சுனாமி அருங்காட்சியகம் வெறும் காட்சிக்கூடமாக இருக்காது. அந்தப் பேரழிவுக்குப் பிறகு 2005இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தோடு, ஆச்சே விடுதலைக்காக நடந்த முப்பதாண்டு ஆயுதப் போராட்டமும் முடிந்தது.

இந்த மாகாணத்தில் இஸ்லாமியச் சட்டம் நடைமுறையில் உண்டு. கைகால் மூடிய உடை அணியுங்கள், மது கிடையாது. மக்கள் விருந்தோம்பலில் குறை வைப்பதில்லை. மலையிலுள்ள தாக்கேங்கோன் பக்கம் காயோ காப்பி விளைகிறது. வே தீவிலுள்ள சாபாங், பவளப்பாறை நீச்சலுக்கு நல்ல இடம்.

மினாங் மேட்டுநிலம்

பாடாங்கில் இறங்கி, அன்றே மலையேறி புக்கிட்டிங்கிக்குப் போய்விடுவது என் பரிந்துரை. 90 கிலோமீட்டர்தான், இருந்தாலும் மூன்று மணி நேரம் ஆகும். 930 மீட்டர் உயரத்தில், சிங்காலாங், மராபி என்ற இரண்டு எரிமலைகளுக்கு நடுவே இருக்கிறது ஊர். 1926இல் கட்டிய மணிக்கூண்டு, அதன் பின்னால் ஊரே சட்டென்று அறுந்து விழும் சியானோக் பள்ளத்தாக்கு, காலையில் கூடும் சந்தை என இரண்டு நாட்கள் நடந்தே பார்க்கலாம். மராபியில் ஏறலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். 2023 டிசம்பரில் அது திடீரென வெடித்து, ஏறிக்கொண்டிருந்த 24 பேர் இறந்தார்கள்.

மினாங்கபாவு மக்கள் உறுதியான முஸ்லிம்கள்; அதே சமயம் வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் இதுதான். ஆண்கள் இளமையில் ஊரை விட்டு வெளியே போய்ப் பிழைப்பது மரபு. அதனால்தான் இந்தோனேசியாவின் எந்த மூலைக்குப் போனாலும் பாடாங் சாப்பாட்டுக்கடை இருக்கிறது. அந்தக் கடைகளில் நீங்கள் கேட்காமலேயே பத்துப் பதினைந்து கிண்ணங்களை மேசையில் பரப்புவார்கள். பதற வேண்டாம், தொட்டதற்கு மட்டும் காசு. அவற்றில் ரெண்டாங் என்பது மாட்டிறைச்சி. சைவர்கள் மரவள்ளிக்கீரை, பலாக்காய்க் குழம்பு, கத்திரிக்காய், தெம்பே என்ற சோயா அடை ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். குழம்பில் கருவாடோ இறைச்சிச் சாறோ சேர்ந்திருக்கக்கூடும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

சுற்றுவட்டாரத்தில் மனிஞ்சாவ் ஏரிக்கு இறங்கும் 44 கொண்டைஊசி வளைவுகளும், செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த ஹாராவ் பள்ளத்தாக்கும் விட்டுவிடக் கூடாதவை. வடக்கே போகும் சாலையில் போன்ஜோல் என்ற ஊரில் பூமத்திய ரேகையைக் குறிக்கும் சின்னம் இருக்கிறது. தெற்கே சாவாலுந்தோ, கைதிகளைச் சங்கிலியில் பிணைத்து நிலக்கரி வெட்டிய ஊர். அந்தச் சுரங்கமும் ரயில்பாதையும் 2019இல் உலக மரபுச் சொத்தாயின.

கிழக்கின் ஆற்றுநகரங்கள்

பெக்கான்பாரு எண்ணெய் நகரம். மினாஸ் எண்ணெய் வயலால் வளர்ந்தது; ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். வேலையாகப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் தங்கத் தேவையில்லை. ஜாம்பிக்குப் போகிறவர்கள் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையிலுள்ள முவாரோ ஜாம்பிக்காகவே போகலாம்: கிலோமீட்டர் கணக்கில் மரத்தோப்புகளுக்குள் சிதறிக் கிடக்கும் செங்கல் பௌத்தக் கோவில்கள். வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும்.

பலெம்பாங் வேறு தரம். சீனத் துறவி யிஜிங் 671இல் இங்கே இறங்கி, இந்தியாவுக்குப் போகும் முன் சமஸ்கிருத இலக்கணம் படித்தார். ஸ்ரீவிஜயப் பேரரசின் தலைநகரம் இதுதான் என்பதற்கு இங்கே கிடைத்த 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் சாட்சி. ஆனால் கோட்டை, கோவில் என்று பெரிய இடிபாடுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரத்தாலும் மூங்கிலாலும் ஆற்றின்மேல் கட்டிய நகரம் எதையும் விட்டுவைக்காது. மூசி ஆறுதான் இன்றும் பார்க்க வேண்டியது: 1965இல் திறந்த அம்பேரா பாலம், கரையோரத் தெப்பவீடுகள், படகுகளுக்கு எண்ணெய் ஊற்றும் மிதவைக் கடைகள். பாலத்தடியிலிருந்து சாயங்காலம் ஒரு படகு பேசிக்கொள்ளுங்கள். மீனும் மாவும் சேர்த்துச் செய்த பெம்பெக்கைப் புளிப்பும் இனிப்பும் உறைப்புமான சாற்றில் தொட்டுச் சாப்பிடாமல் திரும்ப வேண்டாம்.

தெற்கு

பெங்கூலு ஆங்கிலேயரின் மிளகுத் துறைமுகம். மார்ல்பரோ கோட்டை இன்றும் உறுதியாக நிற்கிறது. 1824 ஒப்பந்தத்தில் மலாக்காவைப் பெற்றுக்கொண்டு இதை டச்சுக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். பின்புறக் காடுகளில் ரஃப்ளேசியா என்ற பெரிய பூ மலர்கிறது. விரிந்த சில நாட்களிலேயே அழுகிவிடும், ஆகவே பூத்திருக்கிறதா என்று ஊரில் விசாரித்துவிட்டுப் போங்கள். பண்டார் லாம்புங் மிளகும் காப்பியும் கப்பலேறும் நகரம். 1883இல் கிரகத்தாவ் எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இதன் கடற்கரைப் பகுதியை அழித்தது.

போக்குவரத்து

ரயிலை நம்பித் திட்டமிடாதீர்கள். மேடான், பாடாங், பலெம்பாங்–லாம்புங் என முக்கியமாக மூன்று துண்டுப் பாதைகள் உண்டு; ஒன்றோடொன்று இணைப்பே கிடையாது. பாக்காவுஹேனியிலிருந்து பலெம்பாங் வரை சுங்கச்சாலை முடிந்துவிட்டதால் தெற்கில் கார்ப் பயணம் எளிது. வடக்கிலும் மேற்கிலும் மணிக்கு 35 கிலோமீட்டர் என்றே கணக்கிடுங்கள். மேடானிலிருந்து பாடாங்குக்குப் பேருந்தில் ஏறினால் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். தீவு முழுவதும் கடிகாரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும்.

நிலம் நடுங்கினால்

இந்தத் தீவில் இது ஓரத்துக் குறிப்பாக எழுதும் விஷயம் அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று பாடாங்கில் 7.6 அளவு நிலநடுக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்தக் கரைக்கு எதிரேயுள்ள கடலடிப் பிளவில் பெரிய நடுக்கம் இன்னும் பாக்கியிருக்கிறது என்று நிலவியலாளர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள்.

ஆச்சே கரைக்கு அப்பால் சிமெலுவே என்ற தீவு இருக்கிறது. 1907இல் அங்கே பெரிய அலை வந்தது. நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள். 2004இல் நடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் அங்கே இறந்தவர்கள் ஏழே பேர்.

மேற்குக் கரையில் எந்த ஊரில் தங்கினாலும், அறைக்குள் பையை வைத்ததும் வெளியே வந்து சுனாமி வெளியேற்ற வழியைக் காட்டும் பலகை எங்கே இருக்கிறது, அருகிலுள்ள மேடு எது, உயரமான உறுதியான கட்டடம் எது என்று பார்த்து வையுங்கள். குழந்தைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். நடுக்கம் அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தால் சங்கொலிக்கோ கைபேசிச் செய்திக்கோ காத்திருக்க வேண்டாம். பொருளை எடுக்கத் திரும்பாதீர்கள், வண்டியை எடுக்காதீர்கள். நடந்து மேலே ஏறுங்கள், அதிகாரிகள் சொல்லும் வரை இறங்காதீர்கள்.